காஞ்சியில் வாழ்ந்த இசைமேதை

பட்டுத்தறிக்கும் கோயிலுக்கும் பேர்போன நம் காஞ்சியில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர் முத்துசுவாமி தீட்சிதர். 1775-ல் திருவாரூரில் பிறந்தார்.

இளமையில் அவர் குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் வசித்தது. ஆதரித்த முதலியார் ஆங்கிலக் கம்பெனியின் துபாஷி. ஆகவே கோட்டையில் வெள்ளையரின் பாண்டு வாத்தியத்தைச் சகோதரர்கள் கேட்க வாய்த்தது.

ஐரோப்பாவில் 1600 முதல் 1750 வரை தழைத்தது பரோக் இசை. குருவானவரான விவால்டியும், பாக், ஹாண்டல் முதலியோரும் அதன் தூண்கள். நடனத் தாளத்தில் நடக்கும் மெட்டு, கீழே அதை ஓயாமல் தாங்கிவரும் அடிக்குரல், முன்னிற்கும் வயலின் ஆகியவை அதன் அடையாளங்கள். 1744-ல் இலண்டனில் அச்சேறிய ஆங்கில அரச வாழ்த்தின் மெட்டும் அக்காலத்ததே. அம்மெட்டிலும், அதுபோன்ற பல மேனாட்டு மெட்டுகளிலும் தீட்சிதர் சமஸ்கிருதப் பாடல்கள் புனைந்தார். சங்கராபரணத்தில் அமைந்த இவற்றை நோட்டுஸ்வரம் என்பர். தம்பி பாலுசுவாமியோ வயலினையே கற்று நம் இசைக்கு இசைவித்தார்.

புதியதை ஏற்றும் தீட்சிதர் தம்மை இழக்கவில்லை. காமாட்சியம்மன் மீதும் ஏகாம்பரநாதர் மீதும் அவர் பாடிய கீர்த்தனைகள் நிதானமும் கமகமும் நிறைந்த நம் மரபின் சிகரங்கள்.

1835-ல் எட்டயபுரத்தில் மறைந்தார். பாடல்களோ சீடர் வாய்மொழியிலேயே நின்றன, காலப்போக்கில் அழிந்திருக்கக்கூடும். கீர்த்தனைகளை மேனாட்டுச் சுரக்குறிப்பில் 1893-ல் அச்சிட்ட கிறிஸ்தவர் சின்னசாமி முதலியார், பாலுசுவாமியின் பேரர் சுப்பராம தீட்சிதரை விடாது தூண்டினார். அதன் பயனாக 1904-ல் அவை பெருநூலாக வெளிவந்தன.

அன்று கடன் வாங்கிய இசைக்கு, ஒரு கிறிஸ்தவர் வழியே வட்டியும் முதலும் திரும்பிவந்தது!