ரட்ஜைப் பிரித்துப் பூட்டிய ஜி.டி. நாயுடு

சிதம்பரத்தில் மாமாவின் பழைய புல்லட்டில் பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியே ப்யூரெட்டால் ஆயில் விட்டேன். 63 சி.சி. பிடித்தது. இன்ஜின் 346 சி.சி.; ஆக கம்ப்ரெஷன் ரேஷியோ 6.5. அதை 7 ஆக்க சிலிண்டரில் 1.4 மி.மீ. சீவணும். சீவினது திரும்ப ஒட்டாதே, பயம்தான்!

அப்போது ஜி.டி. நாயுடு ஞாபகம் வந்தார். 1893-இல் கோவை அருகே கலங்கலில் பிறந்தவர். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் மயங்கி, ஓட்டல் சர்வராகக் காசு சேர்த்து அதையே வாங்கினார். வாங்கியதும் அக்கக்காகக் கழற்றிப் போட்டார். வருஷக்கணக்கில் சேர்த்த பணமய்யா அது! திரும்பப் பூட்டியும் விட்டார். 1920-இல் பொள்ளாச்சி–பழனி பஸ் விட்டார். 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டார் செய்தார். 1945-இல் கோவையில் பாலிடெக்னிக் தொடங்கி, படிப்புக்காலம் ரொம்ப நீளம் என்று வாதாடி விலகினார். (நமக்கோ மூணு வருஷம்!) 1974-இல் மறைந்தார்.

சிலிண்டரைக் கடலூரில் லேத்துக்குக் கொடுத்துவிட்டேன். மாமாவுக்கு இன்னும் தெரியாது.