போன் வச்சுக் காத்திருந்த பாதிரியார்



மலருக்கு ஒரு பெரியவரோட வாழ்க்கையை எழுதித் தாங்கன்னு கேட்டப்போ, நம்ம புதுக்கோட்டையிலேயே பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை எழுதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. அவங்களைப் பத்தி எழுத நிறைய பேர் இருக்காங்க. நான் எழுதறது சாட் வாரா என்ற இங்கிலாந்துக்காரரைப் பத்தி. அவங்க நாட்டில் ரொம்பப் பேர் பெற்றவர். மனநலப் பயிற்சிக்குப் போனப்போ அவர் பேரைக் கேட்டேன். பிறகு மகளோட போனில் தேடித் தேடிப் படிச்சேன்.

1911 நவம்பர் 12ல் லிங்கன்ஷயர் என்ற பகுதியில் பிறந்தார். அப்பா பாதிரியார். ஒன்பது பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். ஆக்ஸ்போர்டில் படிச்சு, தானும் பாதிரியாரானார். 1935ல், வேலைக்குச் சேர்ந்த புதுசில், அவர் நடத்தி வச்ச முதல் அடக்கமே ஒரு பதினாலு வயசுப் பொண்ணுக்குத்தான். தன் உயிரைத் தானே மாய்ச்சுக்கிட்ட பொண்ணு. அவளுக்கு மாதவிடாய் வந்திருக்கு. அது என்னன்னு சொல்ல ஆளில்லை. ஏதோ கெட்ட நோய் வந்துட்டதா நினைச்சுட்டா.

இதைப் படிச்சதும் போனைக் கீழே வச்சுட்டேன். பதிமூணு வயசுல நானும் மாட்டுக் கொட்டகையில் ஒளிஞ்சு உட்கார்ந்திருக்கேன், செத்துப் போயிடுவோம்னு. அப்பத்தா கண்டுபிடிச்சுச் சிரிச்சாங்க. அப்புறம் பந்தல், மைக் செட்டு, மாமன் சீர்னு எல்லாம் தடபுடலா நடந்துச்சு. முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லத்தான் யாருமில்லை.

அந்த அடக்கத்துக்கு அப்புறம் அவர் சின்னப் பிள்ளைங்களுக்கு உடம்பைப் பத்தி வெளிப்படையாச் சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சார். அந்தக் காலத்தில், அதுவும் ஒரு பாதிரியார்! ஊர் ஏசாம இருக்குமா? 1940ல் சூசன் என்ற அம்மாவைக் கல்யாணம் பண்ணினார். அஞ்சு பிள்ளைகள், அதில் மூணு ஒரே பிரசவத்தில். சம்பளம் பத்தாம குழந்தைகள் பத்திரிகைக்குப் படக்கதையெல்லாம் எழுதியிருக்கார். சூசன் அம்மாவும் லேசுப்பட்டவங்க இல்லை. மதர்ஸ் யூனியன் என்று பல நாடுகளில் இருக்கிற பெண்கள் அமைப்புக்கு 1970லிருந்து 1976 வரை உலகத் தலைவியா இருந்தாங்க.

1953ல் லண்டன் நகரத்துக்கு நடுவில் இருக்கிற புனித ஸ்டீபன் ஆலயத்துக்கு அவர் பாதிரியாராப் போனார். லண்டனில் ஒரு நாளைக்கு மூணு பேர் தற்கொலை செஞ்சுக்கிறாங்கன்னு எங்கேயோ படிச்சிருந்தார். தீப்பிடிச்சா கூப்பிட நம்பர் இருக்கு. மனசு வெந்து நிக்கறவங்க யாரைக் கூப்பிடுறது? அந்த வருஷம் நவம்பர் 2ம் தேதி ஆலயத்தில் ஒரு போனை வச்சுக்கிட்டு உட்கார்ந்தார்.

பத்திரிகையில் செய்தி வந்ததும் போனும் வந்துச்சு, ஆட்களும் நேரில் வந்துட்டாங்க. அவர் ஒருத்தர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? உதவிக்கு வந்த சாதாரண ஆட்கள் காத்திருந்தவங்களுக்கு டீ போட்டுக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கேட்டிருக்காங்க. கொஞ்ச நாளில் அவர் ஒண்ணு கவனிச்சார். டீ குடிச்சு மனசுவிட்டுப் பேசினவங்க நிறைய பேர் அவரைப் பார்க்காமலே தெளிஞ்சு வீட்டுக்குப் போயிட்டாங்க. படிச்ச மனுஷன், பாதிரியார் வேற. ஆனாலும் என்னை விட இவங்கதான் இந்த வேலைக்குச் சரின்னு ஒத்துக்கிட்டார். 1954 பிப்ரவரியில் அந்தப் போனை அவங்க கையிலேயே கொடுத்துட்டார். அவரை எனக்குப் பிடிச்சது இதனாலதான். அந்த அமைப்புக்குச் சமாரிட்டன்ஸ் என்று பேர். பேசறவங்க கிட்ட மதத்தைப் பத்திப் போதிக்கக் கூடாது, கேட்டதை வெளியே சொல்லக் கூடாதுன்னு கட்டுப்பாடு.

1974ல் மத்த நாட்டு அமைப்புகளையும் சேர்த்து பிஃப்ரெண்டர்ஸ் என்று ஒரு உலக அமைப்பு உண்டாச்சு. நம்ம கூட்டமைப்பு மாதிரிதான்னு வச்சுக்கங்க. அதே வருஷம் இலங்கையில் சுமித்ரயோ ஆரம்பிச்சாங்க. 1986ல் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சிநேகா அமைப்பைத் தொடங்கினாங்க. லண்டனில் பிறந்த யோசனை நம்ம ஊருக்கு வந்ததும் நம்ம ஊர் வேலையும் சேர்ந்துக்கிச்சு. காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காம, பொது இடத்தில் பூட்டுப் போட்ட பெட்டிகளில் வைக்கச் சொல்லிப் பார்த்தாங்க. இலங்கை அரசாங்கம் ரொம்ப விஷமான மருந்துகளைத் தடை செஞ்சு நிறைய உயிரைக் காப்பாத்தியிருக்கு.

சாட் வாரா 2007 நவம்பர் 8ல் காலமானார். 96 முடிய இன்னும் நாலு நாள் இருந்துச்சு.

இப்போ எங்க குழு விஷயம். 2018ல் கஜா புயலில் எங்க குழுவில் ஒரு அக்காவோட தென்னை அத்தனையும் சாஞ்சு போச்சு. கொஞ்ச மாசத்தில் அவங்க கூட்டத்துக்கு வர்றது நின்னுச்சு. மூணு வாரம் சந்தா வரலை. அஞ்சு பேர் வீட்டுக்குப் போனோம். நோட்டை விரிச்சு பாக்கித் தவணையைப் படிச்சுக் காட்டினது நான்தான். தலைகூடச் சீவாம திண்ணையில் உட்கார்ந்து சரி, சரின்னாங்க. சாப்பிட்டீங்களா அக்கான்னு ஒருத்தியும் கேக்கலை. நாலாம் நாள் ராத்திரி அவங்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். பிழைச்சுட்டாங்க. பல மாசமாத் தூக்கமே இல்லையாம். யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலையாம். பேர் போடாம எழுதிக்கன்னு அவங்களே சொன்னதாலதான் இதை எழுதறேன்.

இப்போ எங்க கூட்டத்தில் முதலில் டீ, அப்புறம்தான் நோட்டு. நேரமாகுதுன்னு ரெண்டு பேர் முணுமுணுக்கத்தான் செய்யறாங்க. டீச் செலவைக் கணக்கில் எழுதலாமான்னு ஒரு சண்டை வந்து, தீர்மானம் போட்டு எழுதறோம். யாராவது ரெண்டு வாரம் வரலைன்னா ஒருத்தர் மட்டும் போவோம், நோட்டு இல்லாம. பொண்ணுங்களுக்கு ஒன்பது, பத்து வயசிலேயே வீட்டில் சொல்லிடணும்னும் பேசி வச்சிருக்கோம்.

அரசாங்கத்தோட டெலி மானஸ் நம்பர் 14416. காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பாங்க, தமிழில் பேசலாம். தீர்மானப் புத்தகத்து முதல் பக்கத்தில் எழுதி வச்சிருக்கோம். போன் இல்லாதவங்க எங்க வீட்டுக்கு வந்து பேசிக்கலாம். நான் வெளித்திண்ணையில் போய் உட்கார்ந்துக்குவேன்.