சிரிக்க வைத்தே சிந்திக்க வைத்த கலைவாணர்

மேடையில் ஏறி ஒரு மணி நேரம் பேசினாலும் ஏறாத விஷயம், மூன்று நிமிடப் பாட்டில் மனதில் ஏறிவிடும். அதைத் தமிழ்நாட்டுக்குக் காட்டியவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். அவர் மறைந்தது 1957-ல். ஆனாலும் டீக்கடை ரேடியோவில் அவர் குரல் வந்தால் கண்ணாடி டம்ளரைக் கையில் பிடித்தபடியே நின்று கேட்கிறவர்கள் நம்மிடையே இன்றும் உண்டு.

அவர் சென்னைக்குப் போய்ப் புகழ் பெற்றவர். பிறந்தது நம் பக்கத்தில். கொல்லயில், பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத் தமிழர்களுக்கு இது தனிப் பெருமை.

ஒரே சமஸ்தானம்

1908-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி, நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் கிருஷ்ணன் பிறந்தார். தந்தை சுடலைமுத்துப் பிள்ளை, தாயார் இசக்கியம்மாள். அந்த நாளில் ஒழுகினசேரியும் திருவிதாங்கூர், கொல்லயிலும் திருவிதாங்கூர். களியக்காவிளையில் மாநில எல்லை கிடையாது. 1956 நவம்பர் 1-ந் தேதி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோதுதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. கலைவாணர் தம் சொந்த ஊரைத் தமிழகத்து ஊராகப் பார்த்தது கடைசிப் பத்து மாதங்கள் மட்டுமே.

வீட்டில் வறுமை. படிப்பு ஆரம்பப் பள்ளியோடு நின்றது. நாடகக் கொட்டகையில் சோடாவும் தின்பண்டமும் விற்கப் போன பையனுக்கு விற்பனையைவிட மேடையின் மீதுதான் கண். பிறகு டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். பாட்டு, ஆட்டம், வேஷம் எல்லாம் அங்கே கற்றார். எந்த வேடம் கொடுத்தாலும் கூட்டம் சிரித்தது.

படத்துக்குள் ஒரு படம்

1935-ல் மேனகா, 1936-ல் சதி லீலாவதி என்று சினிமாவில் அடியெடுத்து வைத்தார். அந்தக் காலத்துச் சினிமாவில் நகைச்சுவை என்றால் அடிப்பதும் விழுவதும்தான். கிருஷ்ணன் அதை மாற்றினார். தம் பகுதிக்கு வேண்டிய கதை, வசனம், பாட்டு எல்லாவற்றையும் தாமே அமைத்துக்கொண்டார். பெரிய படத்துக்குள் அவருடைய சிறிய படம் தனியாக ஓடியது. ராஜா ராணிக் கதை ஒரு பக்கம் நடக்க, மறுபக்கம் சாதி, மூடப்பழக்கம், குடி, கந்துவட்டி பற்றிய கேலி நடந்தது.

இதில் அவருக்குச் சரிபாதியாக நின்றவர் டி.ஏ.மதுரம். 1936-ல் வசந்தசேனா படப்பிடிப்புக்காகப் புனாவுக்குப் போன பயணத்தில் ஏற்பட்ட பழக்கம், திருமணத்தில் முடிந்தது. ஊரில் நாகம்மாள் என்ற மனைவி இருப்பது மதுரத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது. அந்த வருத்தத்தையும் தாங்கிக்கொண்டு கடைசிவரை அவருடன் நடித்தார், பாடினார். கணவன் பெருமை பேச, மனைவி ஒரே கேள்வியில் மடக்குவது அவர்கள் வழக்கம். விஞ்ஞானத்தைப் பற்றிய அவர்களுடைய பாட்டில் பொத்தானை அமுக்கினால் இட்லியும் காப்பியும் வரவேண்டும் என்ற ஆசை வருகிறது. கேட்டவர்கள் சிரித்தார்கள். ஆனால் அடுப்படியில் பெண்கள் படும் பாடு அந்தச் சிரிப்புக்குள் இருந்தது.

அவருடைய பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் உடுமலை நாராயண கவி. கவியின் சொல்லும் கிருஷ்ணனின் குரலும் ஒன்றுக்காகவே மற்றொன்று பிறந்ததுபோல் பொருந்தின.

சிறையும் விடுதலையும்

புகழின் உச்சியில் இடி விழுந்தது. சினிமாக்காரர்களைப் பற்றி அவதூறு எழுதிவந்த லட்சுமிகாந்தன் என்ற பத்திரிகையாளர் 1944 நவம்பரில் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் கைதானார்கள். 1945 மே மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஐகோர்ட்டு அப்பீலும் தோற்றது. லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்கு போய், மறுவிசாரணைக்குத் திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை ஆனார்கள்.

வழக்குச் செலவுக்குப் பணம் திரட்ட மதுரமும் நாடகக் குழுவினரும் பைத்தியக்காரன் என்ற படத்தையே எடுத்தார்கள். விதவை மறுமணம் பற்றிய கதை அது. சிறையிலிருந்து வந்த கிருஷ்ணன் அந்தப் படத்தில் தாமும் நடித்துக்கொடுத்தார்.

சிறைவாசம் பாகவதரின் வாழ்வைத் திசை திருப்பியது. அவர் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. கிருஷ்ணனோ முன்னைவிடத் துணிச்சலாகத் திரும்பினார். பம்மல் சம்பந்த முதலியார் கையால் கலைவாணர் பட்டம் கிடைத்ததும் அந்த 1947-ல்தான்.

கிந்தன் கதை

கலைவாணரின் பாட்டுகளில் மணிமகுடம் கிந்தனார் காலட்சேபம். நந்தனார் கதையைப் பாகவதர்கள் பக்தியோடு சொல்லும் அதே பாணியில், அதே உருக்கத்தோடு வேறொரு கதையைச் சொன்னார். நந்தன் சிதம்பர தரிசனத்துக்கு ஏங்கினான். கிந்தன் பள்ளிக்கூடத்துக்கு ஏங்குகிறான். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த கிந்தன் வாத்தியாரிடம் அடி வாங்குகிறான், பட்டணத்துக்கு ஓடுகிறான், படிக்கிறான், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகி அதே ஊருக்குத் திரும்பி வருகிறான். நந்தனுக்கு முக்தி கோயிலில், கிந்தனுக்கு முக்தி படிப்பில். சாமியைத் திட்டாமல், பக்தர் மனம் நோகாமல் சாதியின் தலையில் குட்டு வைத்தார்.

இந்தக் கதை நம் வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1910-களில் வெங்ஙானூர் அய்யன்காளி, பஞ்சமி என்ற சிறுமியின் கையைப் பிடித்து ஊருட்டம்பலம் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போனார். அதைப் பொறுக்காதவர்கள் பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்தார்கள். நெய்யாற்றின்கரை தாலுகாவில் நடந்த சங்கதி அது. கிருஷ்ணன் சிறுவனாக இருந்த திருவிதாங்கூர் அப்படிப்பட்டது. 1936 நவம்பர் 12-ல் ஆலயப் பிரவேச விளம்பரம் வரும்வரை கோயில் வாசலும் எல்லோருக்கும் திறக்கவில்லை. ஆகவே கிந்தனின் ஏக்கம் அவர் பிறந்த மண்ணின் ஏக்கம்.

கிந்தனார் இடம்பெற்ற நல்லதம்பி படம் 1949-ல் வந்தது. வசனம் எழுதியவர் அறிஞர் அண்ணா. சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத நேரம். குடியால் குடும்பம் கெடுவதைப் படம் சொன்னது. வாரக்கூலி வாங்கிய அன்றே அதில் பாதியை வழியில் தொலைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் படம் பழையதாகிவிட்டது என்று எப்படிச் சொல்வது?

ரயில் பாட்டு

ரயிலைப் பற்றி அவர் பாடிய பாட்டும் பிரசித்தம். சக்கரத்தின் தாளமே மெட்டாக ஓடும். அதன் கருத்து எளியது. ரயிலில் எந்தச் சாதிக்கும் தனிப் பெட்டி இல்லை. டிக்கெட் எடுத்தவர் எல்லோரும் ஒரே பலகையில் உட்கார வேண்டும். எத்தனையோ சீர்திருத்தக்காரர்கள் செய்ய முடியாததை ஒரு கரி எஞ்சின் சத்தமில்லாமல் செய்துவிட்டது என்று அவர் கண்டார்.

இதில் ஒரு விசித்திரம். இந்தப் பாட்டைப் பாடியவரின் சொந்த ஊருக்கு அவர் உயிரோடு இருந்தவரை ரயிலே வரவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை, தனுவச்சபுரம், பாறசாலை வழியாக நாகர்கோவிலுக்கு ரயில் ஓடியது 1979-ல். அப்போது கலைவாணர் மறைந்து 22 ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று அந்தப் பாசஞ்சர் வண்டியில் கொத்தனாரும் குமாஸ்தாவும், மலையாளியும் தமிழரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போகிறோம். பக்கத்தில் இருப்பவர் என்ன சாதி என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. அவர் பாடியது இதைத்தான்.

வில்லில் வந்த காந்தி

நம் பக்கத்து அம்மன் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்காதவர் இருக்க முடியாது. சுடலைமாடன், இசக்கி கதைகளைச் சொல்லிவந்த அந்த வில்லைக் கலைவாணர் சென்னை மேடைக்குக் கொண்டுபோனார். வில்லில் அவர் சொன்ன கதை காந்தி மகானின் கதை. நெல்லைச் சீமையிலிருந்து வந்த இளைஞர் சுப்பு ஆறுமுகத்தைத் தம்முடன் சேர்த்துக்கொண்டார். அவரோ பிற்காலத்தில் வில்லிசை வேந்தராகி, 2022-ல் மறையும்வரை அந்தக் கலையை வளர்த்தார். நாகர்கோவில் நகராட்சிப் பூங்காவில் காந்தி நினைவு ஸ்தூபியைத் தம் செலவில் எழுப்பியவரும் கலைவாணரே.

மூன்று எழுத்து

காந்தி பக்தரான அவர் திராவிட இயக்கத்துக்கும் நண்பர். 1952-ல் அவர் இயக்கிய பணம் படத்துக்கு வசனம் கலைஞர் கருணாநிதி. அதில் தி.மு.க. என்ற மூன்று எழுத்தைப் பாட்டாகவே பாடினார். கட்சி தொடங்கி மூன்றே ஆண்டு. தணிக்கைக்காரர்கள் விடுவார்களா? அதற்கும் வழி வைத்திருந்தார். அந்த எழுத்துகளுக்குத் திருக்குறள் முன்னணிக் கழகம் என்று பொருள் சொல்லிவிட்டார். வள்ளுவரை யார் வெட்டுவது? கொட்டகையில் கைதட்டல் வானைப் பிளந்தது.

அதே படத்தில் பணத்தைத் தேடும் பாட்டு ஒன்று. பணம் எங்கே போய் ஒளிந்தது, கறுப்புச் சந்தையிலா, கஞ்சன் பெட்டியிலா, கிண்டிக் குதிரைப் பந்தயத்திலா, சாமி காலடியிலா, தேர்தல் செலவிலா என்று ஒவ்வொரு இடமாகத் தேடுகிறார். எந்தக் கட்சியின் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் எல்லோர் முதுகிலும் அடி விழுந்தது. மாதக் கடைசியில் இந்தக் கேள்வியைக் கேட்காத சம்பளக்காரர் யார்?

1957 பொதுத்தேர்தலில் காஞ்சிபுரத்தில் அண்ணாவுக்காகப் பிரசாரம் செய்தார். எதிர்த்து நின்றவர் ஊரில் நல்ல பெயர் எடுத்த ஒரு டாக்டர். கலைவாணர் அவரைப் பழித்து ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டரின் கைராசியைப் புகழ்ந்தார். இப்படிப்பட்டவரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் ஊரில் வைத்தியம் பார்ப்பது யார் என்று கேட்டு முடித்தாராம். அண்ணா வென்றார்.

கொடுத்தே தீர்ந்தவர்

சம்பாதித்ததை எல்லாம் வாரிக் கொடுத்தார். கேட்டவர் உண்மைக் கஷ்டக்காரரா, ஏமாற்றுக்காரரா என்று பார்க்கவில்லை. கடைசிக் காலத்தில் கையில் ஒன்றும் நிற்கவில்லை. 1957 ஆகஸ்ட் 30-ந் தேதி சென்னை பொது மருத்துவமனையில் காலமானார். வயது 49 கூட நிறையவில்லை.

சென்னை தியாகராய நகரில் அவர் சிலையை 1969 ஜனவரியில் அண்ணா திறந்துவைத்தார். கடும் நோயோடு இருந்த அண்ணா, அடுத்த மூன்று வாரத்தில் மறைந்தார். நண்பனுக்கு அவர் செய்த கடைசிக் கடமை அது.

கலைவாணர் பாட்டில் யாரையும் தூற்றியதில்லை. முட்டாள் வேஷத்தைத் தாமே போட்டுக்கொண்டு, நம் முட்டாள்தனத்தை நமக்குக் காட்டினார். அதனால்தான் அடி வாங்கியவனும் சேர்ந்து சிரித்தான்.

நம் பிள்ளைகளில் பலர் இன்று மலையாளப் பள்ளியிலும் இங்கிலீஷ் பள்ளியிலும் படிக்கிறார்கள். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகளும் வீட்டில் உண்டு. அவர்களுக்குக் கிந்தன் கதையைப் போட்டுக் காட்டுங்கள். எழுத்து தெரியாவிட்டாலும் பாட்டு புரியும். களியக்காவிளை தாண்டி நாகர்கோவில் பக்கம் போகும்போது மணிமேடையில் நிற்கும் சிலையையும் காட்டி, இவர் நம்ம ஊர்க்காரர் என்று சொல்லுங்கள்.