நீராவிச் சம்மட்டி கண்ட நாஸ்மித்

வலிமையுடையார் உலகிற் பலர்; அவ்வலிமையை வேண்டுமளவிற் செலுத்தி, வேண்டுமிடத்தில் அடக்கவல்லார் சிலரே. ஓங்கி அடித்தல் உடல்வலியின்பாற்படும். அடியை அளந்து விடுதலோ தொழிலறிவின்பாற்படும். இவ்வறிவைப் பேரியந்திரத்திற்கும் ஊட்டிய ஜேம்ஸ் நாஸ்மித் என்னும் பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

இவர் ஸ்காத்லாந்து நாட்டு எடின்பரோ நகரில் 1808-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் அலெக்ஸாந்தர் நாஸ்மித், கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் உருவத்தைத் தீட்டிப் புகழ்பெற்ற ஓவியர். மைந்தர் அவரிடம் வரைதலைக் கற்றார். கருதியதைக் கோட்டில் அமைத்துக் காட்டும் அப்பயிற்சி பின்னாளிற் பெரும்பயன் விளைத்தது. 1829-இல் இலண்டன் சென்று, கடைசல் இயந்திரம் அமைப்பதிற் பேர்பெற்ற ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் அமர்ந்தார். 1831-இல் அவ்வாசான் மறைந்தார். பின்னர் மாஞ்செஸ்டரிற் சிறிதாகத் தொழில் தொடங்கி, 1836-இல் அதற்கணித்தான பாட்ரிகிராப்ட்டில் பிரிட்ஜ்வாட்டர் வார்ப்படச்சாலையை நிறுவினார்.

அக்காலத்து வார்ப்படச்சாலைகளில், உருகிய இரும்பு நிறைந்த பேரகப்பையைப் பலர் கூடிக் கோலாற் சாய்த்து ஊற்றுவர். ஒருவர் கை தளரினும், ஒருவர் கால் இடறினும், அனற்குழம்பு சிந்தி அருகில் நின்றாரை எரிக்கும். இக்கொடுமையைப் பொறாத நாஸ்மித், 1838-இல் அகப்பையோடு திருகும் பற்சக்கரமும் இணைத்தார். அதனால் ஒருவரே சற்று விலகி நின்று திருகி மெல்லச் சாய்த்தல் இயன்றது. இதற்குக் காப்புரிமை பெற்றுப் பொருளீட்ட விழையாது, அதன் படங்களைப் பிற வார்ப்படச்சாலைகளுக்கும் அனுப்பினார். தம் தொழிலாளர் மட்டுமன்றி, தம்மோடு போட்டியிடுவாரின் தொழிலாளரும் உயிர் பிழைக்கவேண்டுமென்று எண்ணிய அவ்வுள்ளத்தை யாம் வணங்குகின்றோம்.

மறு ஆண்டே, கிரேட் பிரிட்டன் என்னும் கப்பலின் துடுப்புச் சக்கரத்திற்கு 30 அங்குலக் குறுக்களவுள்ள இருசு வேண்டியதாயிற்று. அதனை அடித்தாக்கவல்ல சம்மட்டி யாண்டும் இல்லை. அந்நாளைய இயந்திரச் சம்மட்டி, ஒரு முனையில் அசையும் நெடிய காம்பினை உடையது. பட்டடைமேற் பருத்த இரும்பை வைக்க வைக்க, அது விழும் தொலைவு குறைந்து அடியும் மெலியும். வன்மை மிகவேண்டிய விடத்தே வன்மை குன்றும் இக்குறையை உணர்ந்த நாஸ்மித், 1839 நவம்பர் 24-இல் புதியதோர் அமைப்பைத் தம் ஏட்டில் வரைந்தார். உயரே நிறுத்திய நீராவி உருளை. அதனின்று தொங்கும் பிஸ்டன் தண்டு. தண்டின் நுனியிற் சம்மட்டி. ஆவி கீழே புகுந்து அதனை உயர்த்தும். ஆவியை வெளிவிட அது வீழும்.

அக்கப்பலுக்குத் துடுப்பு நீக்கித் திருகுவிசை அமைக்கத் துணிந்தமையால், வரைபடம் ஏட்டிலேயே கிடந்தது. பிரெஞ்சு நாட்டு லெ க்ரூஸோ ஆலையினர் அப்படத்தைக் கண்டு சென்றனர். பூர்தோன் என்னும் பொறியாளர் ஆங்குச் சம்மட்டியை முதலில் நிறுவினார். அந்நாட்டார் அவரையே இதன் ஆசிரியர் என்பாருமுளர். 1842-இல் ஆங்குச் சென்று தம் கருத்து உருப்பெற்றிருத்தலைக் கண்ட நாஸ்மித், அவ்வாண்டே தம் நாட்டிற் காப்புரிமை பெற்றார். நிலம் அதிர வீழும் அச்சம்மட்டி, மதுக்கிண்ணத்துள் வைத்த முட்டையைக் கிண்ணம் சிதையாமல் உடைக்கவும் வல்லதாயிற்று. அடக்கமே ஆற்றலின் அணி என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எனினும், அடங்கும் இயந்திரம் அமைந்தாற் போதாது. அதனை ஆள்வாரும் விழிப்புடையராதல் வேண்டும். உருளையிற் குளிர்ந்து தங்கிய நீரை வடித்த பின்னரே ஓட்டுதல் முறை. சம்மட்டி முகத்தையும் பட்டடை முகத்தையும் முன்னரே வெதுவெதுப்பாக்கல் வேண்டும். இரும்பு வையாது வெறும் பட்டடைமேல் வன்மையாக அடித்தல் தகாது. ஆப்புக்கள் தளர்ந்தனவா என நாடோறும் நோக்குக. குறட்டின் பிடியை வயிற்றுக்கு நேரே கொள்ளாது, உடலின் பக்கத்தே கொள்க. பழுது பார்க்குங்கால், ஆவி வரும் வழியை அடைத்து, உயர்ந்த சம்மட்டிக்குத் திண்ணிய முட்டுக்கொடுத்த பின்னரே அதன்கீழ்க் கை நீட்டுக. இவற்றுள் ஒன்றை ஒருநாள் மறந்தாலும், இழந்த கை மீண்டு வாராது.

செல்வம் பெருகிய காலத்தே, 1856-இல், தமது 48-ஆம் வயதில் நாஸ்மித் தொழிலினின்று நீங்கினார். ஆசையையும் அளவில் நிறுத்த அறிந்தவர் அவர். கென்ட் நாட்டுப் பென்ஸ்ஹர்ஸ்ட்டில் தாம் வாழ்ந்த மனைக்குச் சம்மட்டியின் பெயரையே இட்டார். தொலைநோக்கியால் திங்களை ஆராய்ந்து, ஜேம்ஸ் கார்ப்பென்டருடன் 1874-இல் ஒரு நூலும் வெளியிட்டார். 1890 மே 7-ஆம் நாள் மறைந்தார். திங்களில் ஒரு பெருங்குழி இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

அன்பர்காள்! பட்டறை புகும் நம் இளைஞர், சம்மட்டியை உயர்த்தக் கற்குமுன் அதனை நிறுத்தக் கற்பாராக.