கொள்ளைநோயை வென்ற பினாங்கு மருத்துவர்

நம் நாட்டில் பிறந்து உலகப் புகழ் பெற்ற மருத்துவர் டாக்டர் வூ லியன் தே. அன்னார் 1879ஆம் ஆண்டு பினாங்கில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தார். பினாங்கு ஃபிரீ பள்ளியில் பயின்று, 1896இல் அரசியார் உபகாரச் சம்பளம் பெற்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்றார்.

1910ஆம் ஆண்டின் இறுதியில் சீனாவின் மஞ்சூரியாவில் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவியது. சீன அரசு அவரை ஹார்பின் நகருக்கு அனுப்பியது. எலிகளாலேயே அந்நோய் பரவுகிறது என மருத்துவர்களும் நம்பியிருந்தனர். இறந்தவர் ஒருவரின் உடலை ஆராய்ந்த வூ, அந்நோய் நுரையீரலைத் தாக்கி, மூச்சாலும் இருமலாலும் பிறருக்குத் தொற்றுகிறது எனக் கண்டார். பஞ்சும் சல்லாத்துணியும் கொண்டு எளிய முகக்கவசம் செய்து, அனைவரும் அணியுமாறு வேண்டினார். அதனை ஏற்காத பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி, சில நாள்களில் அந்நோய்க்கே பலியானார்.

அக்காலத்தில் அந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. நோயுற்றோரைத் தனியே வைத்தும், மக்கள் பயணத்தைக் கட்டுப்படுத்தியும், புதைக்கப்படாது கிடந்த உடல்களை எரித்தும் வூ போராடினார். ஏறத்தாழ 60,000 உயிர்களைக் குடித்த நோய், 1911 மார்ச் மாதத்தில் ஹார்பினை விட்டு அகன்றது.

1937இல் தாயகம் திரும்பிய அவர், ஈப்போவில் மருத்துவப் பணியாற்றினார்; 1960இல் பினாங்கில் இயற்கை எய்தினார்.

நோய் பரவும் வழியை அறிந்தவரே அவ்வழியை அடைக்க வல்லார். மாணவச் செல்வங்களே! இருமும்போது வாயை மூடுவோம். பள்ளியில் கற்கும் சுகாதாரப் பாடத்தை இல்லத்தாருக்கும் அண்டை அயலாருக்கும் எடுத்துரைப்போமாக.