வில்லெம் ரோண்ட்கன்

வில்லெம் கொன்ராட் ரோண்ட்கன் (மார்ச் 27, 1845 - பெப்ரவரி 10, 1923) ஜெர்மனி நாட்டைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். 1895 ஆம் ஆண்டில் எக்ஸ்-கதிர்களைக் கண்டறிந்தமைக்காக, 1901 ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான முதலாவது நோபல் பரிசைப் பெற்றார். இக்கண்டுபிடிப்புக்கு இவர் காப்புரிமம் பெறவில்லை. இதனால் மனிதருக்கான மருத்துவத்தில் மட்டுமன்றிக் கால்நடை மருத்துவத்திலும் எவரும் இதனைத் தடையின்றிப் பயன்படுத்த முடிந்தது.

இளமைக்காலம்

ரோண்ட்கன் புருசியாவின் லென்னெப் நகரில் துணி வணிகர் ஒருவரின் ஒரே மகனாகப் பிறந்தார். இவருக்கு மூன்று வயதானபோது குடும்பம் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்தது. உட்ரெக்ட் தொழில்நுட்பப் பள்ளியில் பயின்றபோது, ஆசிரியர் ஒருவரைக் கேலிச்சித்திரமாக வரைந்த மாணவரின் பெயரைக் கூற மறுத்ததால் நீக்கப்பட்டார். பின்னர், பள்ளிச் சான்றிதழ் இல்லாதோருக்கும் இடமளித்த சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் 1865 இல் சேர்ந்து இயந்திரப் பொறியியல் கற்றார். 1869 இல் சூரிச் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1872 இல் அன்னா பெர்த்தா லூட்விக் என்பவரை மணந்தார். 1888 இல் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

கண்டுபிடிப்பு

1895 நவம்பர் 8 அன்று, கறுப்பு அட்டையால் மூடப்பட்ட மின்னிறக்கக் குழாயை இயக்கியபோது, அப்பால் இருந்த பேரியம் பிளாட்டினோசயனைடு பூசிய திரை ஒளிர்வதை ரோண்ட்கன் கண்டார். இதற்குக் காரணமான கதிரின் இயல்பு தெரியாததால் அதனை எக்ஸ் எனக் குறித்தார். எலும்பு இக்கதிரைத் தசையைவிடக் கூடுதலாக உறிஞ்சுகிறது. இவ்வேறுபாடே படத்தில் பதிகிறது. டிசம்பர் 22 அன்று மனைவியின் கையைப் படம்பிடித்தார். அதில் விரல் எலும்புகளும் மோதிரமும் தெரிந்தன. டிசம்பர் 28 அன்று தமது ஆய்வுக்கட்டுரையைச் சமர்ப்பித்தார்.

கால்நடை மருத்துவத்தில் பயன்பாடு

வலியுள்ள இடத்தை விலங்குகளால் சொல்ல இயலாது. எனவே உடலைத் திறக்காமலே உள்ளே காணும் வழி கால்நடை மருத்துவருக்குப் பெரிதும் தேவைப்பட்டது. 1896 ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஃபிரெடெரிக் ஹாப்டே, ஜான்சன் ஆகியோரும் பெர்லினில் ரிச்சர்ட் எபர்லைனும் இதுபற்றிய கட்டுரைகளை வெளியிட்டனர். அக்காலக் கருவிகளில் ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் வரை ஆகியதால், விலங்கை அசையாது வைத்திருப்பது பெரும் இடராக இருந்தது. 1935 இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஷ்னெல் நாய்களின் இடுப்பு மூட்டு வளர்ச்சிக் குறைபாட்டை விவரித்தார்.

தற்காலக் கருவிகளுக்கு நொடியின் சிறு பகுதியே போதுமானது. எனினும், நாயோ பூனையோ அசையாதிருக்கத் தேவையெனில் அமைதிப்படுத்தும் மருந்து தரப்படுகிறது. ஒரு கோணத்தில் மறையும் முறிவு மற்றொன்றில் தெரியக்கூடும் என்பதால், பொதுவாகப் பக்கவாட்டில் ஒன்றும் மல்லாத்திய நிலையில் ஒன்றுமாக இரு படங்கள் எடுக்கப்படுகின்றன. எலும்பு முறிவு, சிறுநீர்ப்பைக் கற்கள், விழுங்கப்பட்ட உலோகப் பொருட்கள் ஆகியவை இவ்வாறு அறியப்படுகின்றன.

இறுதிக்காலம்

ரோண்ட்கன் நோபல் பரிசுத்தொகையை வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கே அளித்தார். 1900 முதல் மியூனிக்கில் பணியாற்றினார். 1919 இல் மனைவி இறந்தார். முதல் உலகப் போரின் பின் ஏற்பட்ட பணவீக்கத்தால் இவரது சேமிப்பு மதிப்பிழந்தது. காப்புரிமத்தால் பெருஞ்செல்வம் ஈட்டியிருக்கக்கூடிய இவர், இறுதி ஆண்டுகளைப் பொருள் நெருக்கடியில் கழித்தார். 1923 இல் குடல் புற்றுநோயால் காலமானார். இவர் கீசன் நகரில் அடக்கம் செய்யப்பட்டார். 2004 ஆம் ஆண்டில் 111 ஆவது தனிமத்துக்கு இவரது நினைவாக ரோண்ட்கெனியம் எனப் பெயரிடப்பட்டது.