மைக்கோ பம்புக்குப் பின்னால் ஒரு மனிதர்

செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவில் ஏறும் பிக்கப் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். நல்ல வண்டி லோடோடு முனகிக்கொண்டே ஏறிவிடும். சில வண்டிகள் மட்டும் கரும்புகையைக் கக்கும், இழுவை இல்லாமல் பாதியில் நின்றுவிடும். காலையில் செல்ஃப் அடிச்சு அடிச்சு பேட்டரிதான் தீரும். ஒர்க்‌ஷாப் அண்ணாச்சிகள் முதலில் டீசல் ஃபில்டரைப் பார்ப்பார்கள். பைப்பில் காற்று இழுக்கிறதா என்று பார்ப்பார்கள். ரெண்டும் சரியாக இருந்தால்தான் பம்பில் கை வைப்பார்கள். பழைய ஆட்கள் அதை மைக்கோ பம்பு என்பார்கள். அந்தப் பம்பை உலகமெங்கும் ஓடவைத்த ராபர்ட் பாஷ் என்பவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஜெர்மனியில் ஊல்ம் நகரத்துக்குப் பக்கத்தில் ஆல்பெக் என்று ஒரு கிராமம். அங்கே 1861 செப்டம்பர் 23-ல் பிறந்தார். வீட்டில் 12 பிள்ளைகள், இவர் 11-வது. அப்பா விவசாயம் பார்த்துக்கொண்டு சத்திரமும் நடத்தினார். ராபர்ட்டுக்குப் பள்ளிக்கூடம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. (ஆசிரியர்கள் மன்னிக்கவும், உள்ளதைத்தானே எழுத வேண்டும்!) நுண்கருவி மெக்கானிக் வேலைக்குப் போனார். அங்கே முதலாளி சரியாக எதுவும் சொல்லித் தரவில்லை. அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. பிறகு 1913-ல் தன் தொழிற்சாலையில் பையன்கள் தொழில் பழகுவதற்கென்றே தனிப் பட்டறை அமைத்தார்.

அமெரிக்காவில் எடிசன் கம்பெனியிலும், இங்கிலாந்தில் சீமன்ஸ் கம்பெனியிலும் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். ஊர் திரும்பி 1886 நவம்பர் 15-ல் ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு சின்னப் பட்டறை திறந்தார். உதவிக்கு ஒரு மெக்கானிக், ஒரு எடுபிடிப் பையன், அவ்வளவுதான். அடுத்த வருடம் ஒருவர் வந்து, எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ செய்து தர முடியுமா என்று கேட்டார். வேறு கம்பெனி செய்திருந்த அந்தக் கருவியைப் பாஷ் நேரில் போய்ப் பார்த்தார். அதற்குக் காப்புரிமை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இன்னும் நன்றாகச் செய்து கொடுத்தார். 1902-ல் அவரிடமே முன்பு தொழில் பழகிய ஹோனால்ட் என்ற எஞ்சினியர் உயர் அழுத்த மேக்னெட்டோவை ஸ்பார்க் பிளக்கோடு செய்து முடித்தார். அதன் பிறகு விற்பனை எங்கேயோ போய்விட்டது. 1906-லேயே தொழிலாளர்களுக்கு 8 மணி நேர வேலை கொடுத்தார். மற்ற முதலாளிகள் எரிச்சலில் இவரைச் சிவப்பு பாஷ் என்றார்கள்.

முதல் உலகப்போர் வந்தது. வெளிநாட்டு வியாபாரத்தையே பெரிதாக நம்பியிருந்த கம்பெனி அது. அமெரிக்கத் தொழிற்சாலையே பறிபோனது. 1921-ல் மகனும் நோயில் இறந்துபோனார். வயதோ 60. இன்னொருவராக இருந்தால் போதும் என்று உட்கார்ந்திருப்பார். இவர் அடுத்த வருடமே டீசல் பம்பு செய்வது என்று முடிவெடுத்தார்.

அதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? ருடால்ஃப் டீசல் 1897-ல் எஞ்சினைச் செய்து காட்டினாலும், எண்ணெயை உள்ளே செலுத்தப் பெரிய காற்று கம்ப்ரஸர் தேவைப்பட்டது. தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் சரி, லாரியில் அதை எங்கே வைப்பது? 1913-ல் டீசல் கப்பல் பயணத்தில் காணாமல் போய் இறந்தார். சாலையில் டீசல் லாரி ஓடுவதை அவர் பார்க்கவே இல்லை. பாஷ் கம்பெனி பல மாதிரிகளைச் செய்து பார்த்து, 1927-ல் பம்புகளை வரிசையாகத் தயாரிக்க ஆரம்பித்தது. இடையில் 1926-ல் கார் தொழிலே படுத்து, கம்பெனியில் ஆட்குறைப்பு நடந்தது. அப்போதும் இந்த வேலையை அவர் விடவில்லை. 1936-ல் மெர்சிடிஸ் 260 டி என்ற டீசல் கார் வந்தபோது அதில் இருந்தது பாஷ் பம்புதான்.

அந்தப் பம்புக்குள்ளே எலிமெண்ட் என்று ஒரு சின்ன உருளையும் அதற்குள் ஏறி இறங்கும் தண்டும் உண்டு. ரெண்டுக்கும் நடுவே வாஷரோ ரப்பரோ கிடையாது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளிதான், நம் தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியது. டீசலே அதற்கு எண்ணெய் மாதிரி வழுக்கிக் கொடுக்கிறது. டேங்கில் தண்ணீரோ தூசியோ சேர்ந்தால் தண்டு தேய்கிறது, அழுத்தம் விழுகிறது, வண்டி ஏற்றத்தில் திணறுகிறது. குற்றால சாரல் காலத்தில் வடிகட்டியில் தங்கும் தண்ணீரைத் திறந்து விடுவது அதனால்தான்.

பம்பை மாற்றும் வேலையும் அப்படித்தான், சுத்தம்தான் முக்கியம். முதலில் வெளியே கழுவித் துடைக்க வேண்டும். முதல் சிலிண்டரை உச்சிக்குக் கொண்டுவந்து டைமிங் குறியைப் பார்த்து வைக்க வேண்டும். பைப்புகளைக் கழற்றியதும் வாய்களை மூடிவிட வேண்டும், பிறகுதான் நட்டுகளைக் கழற்றிப் பம்பை உருவுவார்கள். புதியதையோ, காலிபரேஷன் கடையில் சரிபார்த்ததையோ அதே குறிக்குப் பூட்டி, கைப்பம்பு அடித்துக் காற்றை வெளியேற்றுவார்கள். குறி ஒரு பல் தவறினால் வண்டி தட்டும், புகைக்கும். வேலை நடக்கும்போது நாசில் பக்கம் விரலை நீட்டாதீர்கள். பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். புதிய காமன் ரெயில் வண்டிகளில் அழுத்தம் இன்னும் பல மடங்கு.

ஹிட்லர் ஆட்சியில் பாஷ் யூதர்கள் பலருக்கு உதவினார், எதிர்ப்பாளர்களோடும் தொடர்பில் இருந்தார். ஆனால் அவர் கம்பெனி அதே அரசின் போருக்குப் பொருள் செய்தது, கட்டாயத் தொழிலாளர்களையும் வேலை வாங்கியது. நல்லதை மட்டும் எழுதினால் கதை பாதிதான். 1940-ல் ஸ்டுட்கார்ட்டில் அவர் பெயரில் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. 1942 மார்ச் 12-ல் இறந்தார். 1964-ல் கம்பெனியின் பெரும்பகுதிப் பங்குகள் அறக்கட்டளைக்குப் போயின.

அப்போ மைக்கோ யாருன்னு கேட்கிறீங்களா? 1951-ல் பெங்களூரில் பாஷ் கூட்டோடு தொடங்கிய கம்பெனி அது. நம் ஊர் லாரி, டிராக்டர், பிக்கப் என்று ஏகப்பட்ட வண்டிகளுக்குப் பம்பு அங்கிருந்துதான் வந்தது. 2008-ல் அதன் பெயரைப் பாஷ் லிமிடெட் என்று மாற்றிவிட்டார்கள்.